மழையில் உட்கார்ந்திருப்பவன்

ஹோல்டன் கால்ஃபீல்டால் வலதுகையை இறுக்கி முட்டி பிடிக்க முடியாது. மழை பெய்தால் அந்தக் கை எப்போதாவது வலிக்கும். ஜே.டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் இந்தத் தகவல் பேச்சோடு பேச்சாக வந்து போய்விடுகிறது. சொல்லும் பையனே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அறுவைசிகிச்சை செய்யப்போகிறவனா, வயலின் வாசிக்கப்போகிறவனா, போகட்டும் என்று தள்ளிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான். வாசகரும் கூடவே போய்விடுகிறார்.

திரும்பி வந்து அந்தக் கையைப் பார்க்க வேண்டும். ஹோல்டன் இருநூறு பக்கத்துக்கு மேல் ஓயாமல் பேசுகிறான். அவனால் பேச முடியாதது அந்தக் கையில் இருக்கிறது.

1951 ஜூலையில் வெளிவந்த இந்த நாவல் இதுவரை ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகவும் இருந்தது, விரட்டவும் பட்டது. 1960-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கக் கொடுத்த ஆசிரியருக்கு வேலை போயிற்று. முறையிட்டதில் வேலை திரும்பக் கிடைத்தது. புத்தகம் வகுப்புக்குத் திரும்பவில்லை. கெட்ட வார்த்தை, குடி, விலைமாது என்று எதிர்த்தவர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். கொண்டாடியவர்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றார்கள்: பெரியவர்களின் உலகத்தைப் போலி என்று முகத்துக்கு நேரே சொல்லும் விடலைப் பையன், கலகக்காரன், யாரோடும் ஒட்டாதவன். அத்தனை தடவை ‘போலி’ என்று சொல்கிறானே, இரு தரப்பின் காதிலும் அந்த ஒரு சொல்தான் விழுந்தது.

கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை. ஹோல்டனுக்குப் பதினாறு வயது. பென்சில்வேனியாவில் ஒரு விடுதிப் பள்ளி. ஐந்து பாடங்களில் நான்கில் தோல்வி, ஆங்கிலத்தில் மட்டும் தேர்ச்சி, பள்ளியிலிருந்து நீக்கம். புதன்கிழமைதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாலும் சனி இரவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்குக்கு ரயில் ஏறிவிடுகிறான். ஓட்டல் அறை, மதுக்கூடங்கள், டாக்சிகள், பழைய தோழி ஒருத்தி, பழைய ஆசிரியர் ஒருவர். போகிற இடத்திலெல்லாம் யாரையாவது தொலைபேசியில் கூப்பிட நினைக்கிறான். பல தடவை கூப்பிடாமலே விட்டுவிடுகிறான். இதை ஒட்டாமை என்று சொல்லலாம்தான். எந்த இடத்தில் பிய்ந்து வந்தான் என்பதையும் கேட்க வேண்டும்.

அவனுக்கு ஆலி என்று ஒரு தம்பி இருந்தான். இரண்டு வயது இளையவன். செம்பட்டை முடி, இடதுகைப் பழக்கம். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வராத நேரத்தில் நின்றபடியே படிப்பதற்காகத் தன் தோல் கையுறை முழுக்கப் பச்சை மையால் கவிதைகளை எழுதிவைத்திருந்த பையன். 1946 ஜூலை 18 அன்று, குடும்பம் மெய்ன் மாநிலத்தில் இருந்தபோது, ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். எதையும் குத்துமதிப்பாகச் சொல்லும் ஹோல்டன் இந்தத் தேதியை மட்டும் பதிவேட்டில் இருப்பதுபோல நாள், மாதம், ஆண்டு என்று சொல்கிறான்.

(அந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது எதிர்பாராத ஒன்று நேர்கிறது. ஆலி என்றால் பழந்தமிழில் மழைத்துளி. சாலிஞ்சர் இதை அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் இந்த நாவலில் மழை பெய்யும் பக்கங்களைத் தமிழ் மனத்தோடு படிப்பவருக்கு அந்தப் பெயரும் சேர்ந்து பெய்கிறது.)

அன்றிரவு பதின்மூன்று வயது ஹோல்டன் கார் கொட்டகையில் படுத்தான். அங்கிருந்த ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் வெறும் கையால் குத்தி உடைத்தான். அந்தக் கோடையில் வீட்டில் இருந்த காரின் கண்ணாடிகளையும் உடைக்கப் பார்த்தான். அதற்குள் கை உடைந்துவிட்டது. இதன் மீதி பதினைந்து அத்தியாயம் தள்ளி, இருபதாம் அத்தியாயத்தில், இன்னும் அலட்சியமான ஒரு வாக்கியமாக வருகிறது. தம்பியின் அடக்கத்தில் அவன் இல்லை. கைக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தான். அத்தை ஒருத்தி பிள்ளை எவ்வளவு அமைதியாகப் படுத்திருக்கிறான் பார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள் என்பதுகூட அண்ணன் டி.பி. சொல்லித்தான் தெரியும்.

முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று தமிழில் சொல்வார்கள். தூரதேசத்துக்கு வேலைக்குப் போனவர்கள், தந்தி பிந்திக் கிடைத்தவர்கள், பிள்ளைப்பேற்றுப் படுக்கையில் இருந்தவர்கள், எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் முதலில் இந்த வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். கடைசி முகம் பார்க்காதவருக்குச் சாவு முழுசாக நடந்து முடிவதில்லை. ஹோல்டனிடம் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. அவன் வீட்டில் ஆலியைப் பற்றிப் பேச ஒரு நேரமோ இடமோ இருப்பதாகத் தெரியவில்லை. அம்மா பாதி நாள் ராத்திரி முழுக்க விழித்திருந்து சிகரெட் பிடிக்கிறாள். அப்பா பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர். கதையில் ஒரு தடவைகூட நம் முன்னால் வந்து நிற்பதில்லை. அண்ணன் ஹாலிவுட்டுக்கு எழுதப் போய்விட்டான். தங்கை ஃபீபிக்கு இப்போதுதான் பத்து வயது. இவனை ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டேயிருக்கிறார்கள். துக்கத்தை இறக்கிவைக்கத் திண்ணை கிடைக்காதவன் கண்ணில் பட்டதன்மேலெல்லாம் அதை எறிகிறான். அந்த எறிதலுக்கு அவன் கண்டுபிடித்த பெயர்தான் போலி.

சனிக்கிழமை இரவில் நடப்பதைப் பாருங்கள். அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் தன் பெயரில் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும். ஹோல்டனுக்கு அறையும் வரவில்லை, வீடும் வரவில்லை. ஆலியின் கையுறையைப் பற்றி எழுதிவைக்கிறான். கேட்டது இதையா என்று ஸ்ட்ராட்லேட்டர் கத்த, ஹோல்டன் அதை வாங்கிக் கிழித்துக் குப்பையில் போடுகிறான். சற்று நேரத்தில் ஜேன் கலாகர் என்ற பெண்ணோடு காரில் என்ன செய்தாய் என்று கேட்டு அவன் வாயைப் பார்த்துக் குத்தப் பாய்கிறான். குத்து சரியாக விழவில்லை, கை மூடவில்லை. தம்பிக்காக உடைந்த கை தோழிக்காக ஓங்கியபோது உதவவில்லை. மூக்கில் ரத்தம் வழியக் கீழே கிடந்தவன் ஹோல்டன்.

ஜேனைப் பற்றி அவன் சொல்லும் ஒரு காட்சியை நாவலைப் படித்தவர்கள் மறப்பது கடினம். முந்தைய ஆண்டுக் கோடையில் ஒரு மழை நாள், வீட்டுத் திண்ணையில் இருவரும் செக்கர்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். குடிகார மாற்றாந்தந்தை வெளியே வந்து வீட்டில் சிகரெட் இருக்கிறதா என்று ஜேனிடம் கேட்கிறான். அவள் நிமிரவில்லை, பதில் சொல்லவில்லை. அவன் போன பிறகு பலகையின் சிவப்புக் கட்டத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுகிறது. அவள் அதை விரலால் மரத்துக்குள் தேய்த்துவிடுகிறாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சாலிஞ்சர் கடைசிவரை சொல்வதில்லை. ஹோல்டன் கேட்கிறான்; அவள் இல்லை என்கிறாள். அவ்வளவுதான். குழந்தைமை பறிபோவதைப் பற்றி நாவல்கள் எவ்வளவோ எழுதிவிட்டன. தேய்த்து மறைக்கப்பட்ட அந்த ஒரு சொட்டுக்குப் பக்கத்தில் வைக்க அதிகம் கிடைக்காது.

ஞாயிறு நள்ளிரவு. குடித்துவிட்டு, மதுக்கூடத்தில் தலையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு, ஈரத்தலையோடு மத்தியப் பூங்காவுக்கு நடக்கிறான். தங்கைக்காக வாங்கிய இசைத்தட்டு வழியில் கைநழுவி விழுந்து ஐம்பது துண்டாகிறது. துண்டுகளைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறான். அங்கே குளத்து வாத்துகளைத் தேடுகிறான். குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும் என்று இரண்டு டாக்சி ஓட்டுநர்களிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று. ஒருவர் கேலி என்று நினைத்தார். ஹார்விட்ஸ் என்ற மற்றவர் கோபத்தோடு மீன்களைப் பற்றி விளக்கினார்: பனிக்கட்டிக்குள்ளேயே கிடக்கும், இயற்கைத் தாய் பார்த்துக்கொள்வாள் என்றார். யாராவது லாரி கொண்டுவந்து ஏற்றிப் போகிறார்களா, அவையாகவே பறந்து போகின்றனவா என்பதுதான் ஹோல்டனின் சந்தேகம். உறையும் நேரத்தில் யாராவது வந்து எடுத்துப்போவார்களா? பதின்மூன்று வயதில் அவன் கேட்டு, பதில் கிடைக்காத கேள்வி அது. இருட்டில் குளத்தைச் சுற்றி வருகிறான். ஒரு வாத்துகூட இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்ததும் தலைமுடியில் பனிக்கட்டி கட்டுகிறது. நிமோனியா வந்து செத்துப்போவோம் என்று தோன்றுகிறது. தன் சாவுக்கு வரப்போகிற கூட்டத்தை நினைக்கிறான். அங்கிருந்து தம்பியின் சாவுக்கு வந்துசேர்கிறான். இங்கேதான் அந்த மழை. பெற்றோரோடு சில தடவை கல்லறைக்குப் போயிருந்தான், பிறகு போவதை நிறுத்திவிட்டான். அங்கே இருக்கும்போது இரண்டு தடவை மழை பிடித்துக்கொண்டது. ஆலியின் கல்லின்மேலும் புல்லின்மேலும் மழை கொட்டியது. பார்க்க வந்திருந்தவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கார்களில் ஏறிக்கொண்டார்கள். வானொலியைத் திருப்பிக்கொண்டு நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போக அவர்களால் முடியும், ஆலியால் மட்டும் முடியாது என்பதை அவனால் தாங்க முடியவில்லை. கிடப்பது உடம்புதான், ஆன்மா வேறெங்கோ இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னவர்களும் மழைக்கு ஓடியவர்கள்தானே.

தம்பியோடு அவன் சத்தம்போட்டுப் பேசும் வழக்கம் உண்டு. மனம் சரியில்லாதபோதெல்லாம் ஒரே பேச்சுதான்: போய் உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாபி ஃபாலன் வீட்டு முன்னால் வா. மெய்னில் இருந்தபோது ஒருநாள் இவனும் பாபியும் சிறு துப்பாக்கிகளோடு ஏரிக்குப் புறப்பட்டார்கள். ஆலி தானும் வருகிறேன் என்றான். நீ சின்னப் பையன் என்று இவன் விட்டுப்போனான். ஆலி கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. எந்த அண்ணனும் எந்தத் தம்பியையும் ஆயிரம் தடவை இப்படி விட்டுப்போயிருப்பான். அடுத்த வாரம் கூட்டிப்போனால் கணக்குத் தீர்ந்துவிடும். ஹோல்டனுக்குத் தீர்க்க ஆள் இல்லை. ஓட்டல் அறையில், விலைமாதுவை அனுப்பிவிட்டு, விடியும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து இறந்துபோன தம்பியைச் சைக்கிள் எடுத்துவரச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கத்தைக் கலகம் என்ற தலைப்பின் கீழ் எப்படி வைப்பது?

நாவலின் தலைப்புக்கு வருவோம். எல்லாவற்றையும் வெறுக்கிறாயே, பிடித்தது ஒன்றைச் சொல் என்று ஃபீபி கேட்கிறாள். யோசித்து, ஆலி என்கிறான். ஆலிதான் செத்துப்போய்விட்டானே என்கிறாள் குழந்தை. செத்துவிட்டால் பிரியம் வைக்கக் கூடாதா என்று இவன் வெடிக்கிறான். பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற கனவைச் சொல்கிறான்: ரை பயிர் வளர்ந்து நிற்கும் பெரிய வயலில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் யாரும் இல்லை, ஓரத்தில் மலைவிளிம்பு. ஓடிவந்து விழப்போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதுதான் தன் வேலை. ராபர்ட் பர்ன்ஸின் பாட்டைத் தப்பாகக் காதில் வாங்கி உண்டாக்கிய கனவு. சந்திப்பது என்று கவிஞர் எழுதிய இடத்தில் பிடிப்பது என்று இவன் நினைத்திருக்கிறான். ஃபீபி திருத்துகிறாள்.

அந்த விளிம்பு வயதுக்கு வருவதைக் குறிக்கிறது, குழந்தைகள் பெரியவர்களாவதைத் தடுக்க நினைக்கிறான் என்பது வகுப்பறைகளில் சொல்லப்படும் விளக்கம். அது போதாது. அந்தக் கனவைச் சொல்வதற்குச் சற்று முன்னால், ஃபீபியின் கேள்விக்கு விடை தேடும்போது, அவன் நினைவில் வந்து போகிறவன் ஜேம்ஸ் காஸில். பழைய பள்ளியில் கூடப் படித்தவன், ஒல்லியான பையன். ஒருவனைப் பற்றிச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மறுத்ததற்காக ஆறேழு பேர் அறையைப் பூட்டிக்கொண்டு அவனைச் சித்திரவதை செய்ய, ஜன்னல் வழியே குதித்துச் செத்தான். அப்போது உடம்பில் இருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். வருகைப்பதிவேட்டில் காஸில், அடுத்து கால்ஃபீல்டு. ஆக, விழுந்த குழந்தைகளை இவன் கண்ணால் கண்டிருக்கிறான். ஒருவன் நோயில், ஒருவன் ஜன்னலிலிருந்து, ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே. பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை என்ற வரியை உவமையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, நடந்ததைச் சொல்கிறான். இவன் பிடிக்க நினைப்பது வளரப்போகிற குழந்தைகளை என்றால் கொஞ்சம் சிரிக்கலாம். சாகப்போகிற குழந்தைகளை என்றால் யார் சிரிப்பது?

ஜேம்ஸ் காஸிலின் உடம்பின்மேல் தன் கோட்டைப் போர்த்தி, ரத்தக்கறையைப் பற்றிக் கவலைப்படாமல் தூக்கிச் சென்றவர் அன்டோலினி என்ற ஆசிரியர். ஞாயிறு இரவு ஹோல்டன் அடைக்கலம் தேடிப் போவது அவர் வீட்டுக்குத்தான். நடுநிசியில் விழித்துப் பார்த்தால் அவர் இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருக்கிறார். அது பரிவா, வேறொன்றா என்று நாவல் தீர்ப்பு சொல்வதில்லை. ஹோல்டன் நடுங்கிப்போய்ப் படியிறங்குகிறான். சிறுவயதிலிருந்து இப்படி இருபது தடவை நடந்திருக்கிறது என்று போகிற போக்கில் சொல்கிறான். 1951-ல் வெளிவந்த இந்த வரியை நின்று படித்தவர்கள் குறைவு.

சாலிஞ்சர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கிய படைவீரர். ஹோல்டனைப் பற்றி எழுதிய பக்கங்கள் போர்க்களத்திலும் அவரோடு இருந்தன. ஹர்ட்கன் காட்டுச் சண்டை, அந்தக் குளிர்காலத்தின் ஆர்டென் சண்டை, 1945 ஏப்ரலில் டாஹாவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று, எல்லாவற்றையும் பார்த்தார். போர் முடிந்த கோடையில் மனம் தளர்ந்து நியூரம்பர்க்கில் மருத்துவமனையில் சேர்ந்தார். நாவலில் டி.பி.யும் அதே நாளில் கரையிறங்கியவன். போரில் இருந்ததால் எழுத நிறையக் கிடைத்திருக்குமே என்று ஆலி ஒருமுறை அவனிடம் கேட்கிறான். கையுறையை எடுத்துவரச் சொல்லி, ரூபர்ட் புரூக், எமிலி டிக்கின்சன் இருவரில் யார் சிறந்த போர்க்கவிஞர் என்று டி.பி. கேட்கிறான். ஆலி சொன்ன பெயர் எமிலி டிக்கின்சன். போர்முனையைப் பார்க்காத, வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத பெண். சாலிஞ்சர் ஏன் போர் நாவல் எழுதாமல் நியூயார்க்கில் சுற்றும் ஒரு பையனை எழுதினார் என்பதற்கு அவர் நாவலுக்குள்ளேயே வைத்த பதில் இதுவாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நாவலுக்கு முன் அவர் எழுதிய போர்க்காலக் கதைகளில் ஹோல்டன்தான் தொலைந்துபோன தம்பி. ‘திஸ் சாண்ட்விச் ஹேஸ் நோ மயோனைஸ்’ என்ற கதை 1945 அக்டோபரில் ‘எஸ்குயர்’ இதழில் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ராணுவ லாரி நடன விருந்துக்குப் புறப்படக் காத்து நிற்கிறது. வின்சென்ட் கால்ஃபீல்டு என்ற சார்ஜென்ட், போரில் காணாமல்போன தம்பி ஹோல்டனை நினைத்து உள்ளுக்குள் புலம்பிக்கொண்டிருக்கிறான். கதை முழுக்க மழை. செம்பட்டை முடியும் கவிதை எழுதிய கையுறையும் கொண்ட தம்பி கென்னத் என்ற பெயரில் இன்னொரு கதையில் வந்து இறக்கிறான். அதைச் சாலிஞ்சர் அச்சுக்கு விடவில்லை, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஆக, அண்ணன், தம்பி, சாவு, மழை நான்கும் முதலிலிருந்தே அவரிடம் இருந்தன. யார் சாவது, யார் அழுவது என்பதைத்தான் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். கடைசியில் ஹோல்டனைப் பிழைக்கவைத்து, அழும் வேலையைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஐந்தாம் நிழற்சாலையில் நடக்கும்போது ஒவ்வொரு தெருமுனையிலும் காலை இறக்கினால் காணாமல் போய்விடுவோம் என்ற பயம் வருகிறது. ஆலி, என்னைக் காணாமல்போக விட்டுவிடாதே என்று கெஞ்சுகிறான். அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்ததும் தம்பிக்கு நன்றி சொல்கிறான். பிடிக்கிறவன் யார், விழுகிறவன் யார் என்பது இந்த இடத்தில் துலங்கிவிடுகிறது. செத்துப்போன பதினொரு வயதுப் பையன் அண்ணனைத் தெரு தாண்டவைக்கிறான்.

மேற்கே எங்காவது ஓடிப்போய்க் காது கேட்காத ஊமையாக நடித்துப் பிழைப்பது என்று ஹோல்டன் முடிவெடுத்திருக்கிறான். சொல்லிக்கொண்டு போக வந்தால் ஃபீபி ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறாள், தானும் வருகிறேன் என்று. முடியாது என்கிறான். ஏரிக்குத் தம்பியை விட்டுப்போன அதே வாய். அவள் அழுகிறாள்; எங்கும் போகவில்லை என்று அவன் சொல்லியும், அவன் கொடுத்திருந்த சிவப்பு வேட்டைத் தொப்பியைக் கழற்றி முகத்தில் எறிகிறாள். அப்புறம் தெருவின் எதிரெதிர்ப் பக்கமாக நடந்து உயிரியல் பூங்கா, அங்கிருந்து குதிரை ராட்டினம்.

ராட்டினத்தில் சுற்றும்போது எல்லாக் குழந்தைகளையும்போல ஃபீபியும் எட்டித் தங்க வளையத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள். குதிரையிலிருந்து விழுந்துவிடுவாளோ என்று பயந்தும் ஹோல்டன் வாயைத் திறக்கவில்லை. முதல் சுற்று முடிந்து இறங்கி வந்தவள் அண்ணனுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறாள். தூறல் விழுகிறது. அவன் கோட்டுப் பையில் கையை விட்டுச் சிவப்புத் தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்துவிட்டு, நிஜமாகவே போகமாட்டாயா என்று கேட்டுவிட்டுக் குதிரைக்கு ஓடுகிறாள்.

மழை வலுக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர்கள் எல்லோரும் ராட்டினத்தின் கூரைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்கிறார்கள். ஹோல்டன் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. கழுத்தும் கால்சட்டையும் ஊறிப்போகின்றன. தொப்பி கொஞ்சம் தாங்குகிறது, அவ்வளவுதான். எதிரே நீலக் கோட்டு போட்ட தங்கை சுற்றிச் சுற்றி வருகிறாள். அவனுக்கு அழுகை வரும்போல அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. மழை நாளில் வலிக்கும் வலதுகையைப் பற்றி அந்தப் பக்கத்தில் அவன் ஒன்றும் சொல்லவில்லை.